தொப்பியில் செருகிய பைன் கிளை

இன்று காலை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த அம்மாள் மடியில் ஒரு செய்தித்தாள் பொட்டலம் வைத்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் இங்கே ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு மேசைமேல் பச்சை வளையம் கட்டி மெழுகுவர்த்தி வைப்பார்களே, அதற்கான கிளைகள். பொட்டலத்தின் ஓரம் கிழிந்து நீள நீள ஊசி இலைகள் என் கோட்டுக் கையில் உரசின. எல்லாரும் வாங்கும் கிறிஸ்துமஸ் மரத்தின் குட்டை இலை இல்லை, பைன். சூடான பஸ்ஸுக்குள் அந்தப் பிசின் வாசனை எழுந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. இரண்டு நிறுத்தம் முன்பாகவே இறங்கி, மழையில் ஆய்வுக்கூடத்துக்கு நடந்து போனேன். ஏன் தாமதம் என்று கேட்டார்கள். பஸ் தாமதம் என்றேன். ஆஹென் நகரத்து பஸ்மேல் போட்ட பழியை யாரும் நம்பவில்லை.

உன் மனைவி எழுதிய நீல நிற ஏரோகிராம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நீ போய் ஒன்றரை மாதம் கழித்துத்தான் நீ இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஒன்றரை மாதமும் நான் வழக்கம்போல் சனிக்கிழமை காய்கறி வாங்கினேன், ஞாயிற்றுக்கிழமை சட்டை தேய்த்தேன், தீபாவளி வாழ்த்துக்கு நீ பதில் போடவில்லை என்று உன்னை இரண்டு முறை திட்டவும் செய்தேன். வார்ப்படசாலையில் உலைப் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்ததாம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டதாம். நாற்பத்திரண்டு வயது. சொந்த ஊரில், உன் அப்பா பக்கத்திலேயே அடக்கம் செய்ததாக எழுதியிருந்தார்.

கடிதத்தின் மடிப்பில், இடம் போதாமல் பொடி எழுத்தில், ஒரு கேள்வியும் இருந்தது. "பசங்க எதையாவது மறந்துட்டு வந்தா, ஜெர்மனியில ஒரு கிளைய நட்டு வைக்க மறந்து ஒரு காட்டையே தொலைச்சவன்டா உங்கப்பன்னு சொல்லுவாங்க. என்ன கிளைன்னு கேட்டா சிரிச்சுட்டுப் போயிருவாங்க. பெரியவன் இப்ப அதைக் கேட்டுக்கிட்டே இருக்கான். உங்களுக்குத் தெரியுமா அண்ணா?"

தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். நீ எதையும் மறக்கிற ஆள் இல்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கனாக இருந்துகொண்டு, என் அம்மாவுக்கு அடுத்தபடி என் நட்சத்திரத்தை ஞாபகம் வைத்திருந்தவன் நீ. உன் பிள்ளைகளுக்கு நீயே உன்னைப் பற்றிச் சொல்லிக் கொடுத்த அந்தக் கதை பொய். அந்தப் பொய்யை நீ எனக்காகச் சொன்னாய், நான் அதைப் பன்னிரண்டு வருஷம் அனுபவித்துக்கொண்டிருந்தேன். உன் மனைவிக்குப் பதில் எழுத மூன்று வாரமாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன். முதலில் உன்னிடம் சொல்லிவிட்டால் கை ஓடும் என்று நினைக்கிறேன்.

ஆராய்ச்சிப் படிப்புக்கு நாம் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நான் பதினான்கு நாள் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தேனே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. காலையில் எழுந்தால் ஜன்னலுக்கு வெளியே யாரும் பேசும் சத்தம் கேட்காது. ஞாயிற்றுக்கிழமையானால் தெருவே துடைத்து வைத்ததுபோல் இருக்கும். ஒரு நாள் முழுக்க என் பெயரை யாரும் கூப்பிடவில்லை என்பது சாயங்காலம் திடீரென்று உறைக்கும். மறுபடி படுத்துக்கொள்வேன். வீட்டுக்கார அம்மாள் கதவுக்கு வெளியே ரொட்டி வைத்துவிட்டுப் போனாள். உன்னிடம் அவள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நீ வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாய். "ஒடம்புக்கு என்னடா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா பதினாலு நாளா படுத்திருக்க? எந்திரி. வர்ற சனிக்கிழமை முயல் வேட்டைக்கு ஆள் கேட்டு எங்க ஹாஸ்டல் போர்டுல நோட்டீஸ் போட்டிருக்கான். துப்பாக்கிச் சத்தத்துலயாவது முழிப்பேல்ல."

எங்கள் வீட்டு வாசலை முட்டைகூடத் தாண்டி வந்ததில்லை என்று உனக்குத் தெரியும். நான் எப்படி வேட்டைக்கு வருவது என்றேன். "நீ சுடப் போறதில்ல, திங்கப் போறதில்ல. கையில கம்பு, வாயில சத்தம். கத்திக்கிட்டே நடக்கணும், அவ்வளவுதான். நீ கத்தி எத்தன நாளாச்சு?" என்றாய். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த என்னை உன் கம்பளிக் கையுறைகளை மாட்டி இழுத்துக்கொண்டு போனாய்.

சர்க்கரை பீட் பிடுங்கிய வயல்கள். நிலம் உறைந்து ஷூவுக்கடியில் நொறுங்கியது. மிருகங்களைக் கலைக்கும் ஆட்களும் துப்பாக்கிக்காரர்களும் மாறி மாறி நின்று ஒரு பெரிய வட்டம் கட்டினார்கள். கொம்பு ஊதியதும் எல்லாரும் மெல்ல நடுவை நோக்கி நடக்க வேண்டும். இரண்டாவது முறை ஊதினால் வட்டத்துக்குள்ளே யாரும் சுடக்கூடாது, முயல் வெளியே பாய்ந்த பிறகு வட்டத்துக்கு முதுகைத் திருப்பித்தான் சுடலாம். படுத்திருக்கிற முயலைச் சுடக்கூடாது, அது எழுந்து ஓட வேண்டும். செத்த முயல்களைத் தரையில் வரிசையாக வைத்த பிறகு, அவசரமானாலும் ஒன்றையும் தாண்டிப் போகக்கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். நீ ஒவ்வொன்றுக்கும் "ஏன், ஏன்" என்று பக்கத்து ஆளைக் குடைந்துகொண்டே நடந்தாய்.

எனக்கு வேட்டை ஒன்றும் புரியவில்லை. ஆனால் வரிசை நேராக இருக்க வேண்டும் என்பதற்காக இடப்பக்கத்து ஆள் என்னைப் பார்த்துக் கூவினான். வலப்பக்கத்து ஆளைப் பார்த்து நான் கூவினேன். இந்த நாட்டில் எனக்கு முதல் தடவையாக அக்கம்பக்கம் என்று ஒன்று கிடைத்தது. தொண்டை கட்டும்வரை கத்தினேன். திரும்பி வரும்போது, கலைத்த ஆளுக்கு ஒன்று என்று கொடுத்ததில் உன் பங்கு முயலை நீ காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாய். நீள் காதுகள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நடத்துனர் அதற்கும் டிக்கெட் கேட்பார் என்று நான் சொல்ல, நீ சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

உன் ஹாஸ்டல் பொதுச் சமையலறையில் நீ அதை மிளகாய்ப் பொடி போட்டு வதக்கியபோது மாடி முழுக்கத் தும்மினார்கள். "குழம்ப மட்டும் ஊத்திக்க. முயல் உன் தட்டுப் பக்கம் வராமப் பாத்துக்கறேன்" என்றாய். நான் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். இதை இன்றுவரை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

அதன் பிறகு குளிர்காலச் சனிக்கிழமைகள் எல்லாம் நமக்கு வயலும் காடும்தான். உனக்கு அது போதவில்லை. இந்த நாட்டில் துப்பாக்கி வாங்கிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்துவிட முடியாது என்பதை நீதான் விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்தாய். ஒவ்வொரு அங்குலத்திலும் வேட்டையாடும் உரிமை யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. பணக்காரர்கள் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் நம்மைப் போன்றவன் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அரசுக் காடு ஒன்றுதான் வழி. அதற்கும் முதலில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். பிறகு அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி நம்பினால், ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பர்மிட் கொடுப்பார். அது கையில் இருந்தால் அவர் காட்டும் பகுதியில் தனியாக, எந்த நாளும், விடியற்காலையில்கூடப் போகலாம்.

"ஒரு காடுடா. நம்ம பேர்ல ஒரு சீட்டு, அதுல ஒரு காடு. ஞாயித்துக்கிழமை வந்தா எங்க போறதுன்னு முழிக்க வேண்டாம்" என்றாய். அப்போதுதான் உனக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் என்னைப் போலவேதான் கழிகின்றன என்று எனக்குப் புரிந்தது. உன் கலகலப்பை நம்பி நான் ஏமாந்திருந்தேன்.

ஒரு வருஷம் படித்தாய். உலோகவியல் ஆராய்ச்சிக்குக்கூட நீ அப்படிப் படித்ததில்லை. கேள்விகளை அட்டைகளில் எழுதி என்னிடம் கொடுத்துவிடுவாய். பாத்திரம் தேய்த்துக்கொண்டே நீ பதில் சொல்ல வேண்டும், நான் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். முயலின் பல் வரிசை, எந்தப் பறவையை எந்த மாதத்தில் தொடக்கூடாது, குட்டிகளோடு திரியும் தாய்ப் பன்றியைத் தூரத்திலிருந்து எப்படி அடையாளம் காண்பது. உன்னோடு சேர்ந்து எனக்கும் எல்லாம் மனப்பாடம். அதில் ஒரு அட்டை: குண்டு பட்டும் மிருகம் ஓடிவிட்டால் வேட்டைக்காரன் முதலில் என்ன செய்வான்? பதில்: பின்னால் ஓட மாட்டான். பட்ட இடத்தைத் தேடி, அங்கே ஒரு கிளையை ஒடித்து நட்டு வைப்பான். பிறகு போய்ச் சொல்வான். மோப்ப நாய் அந்தக் கிளையிலிருந்துதான் புறப்படும். இந்தப் பதிலை நான் உன்னிடம் எத்தனை முறை சரி என்று சொல்லியிருக்கிறேன்!

முதல் முறையிலேயே தேறினாய். ஐஃபல் மலைக்காட்டில் ஒரு பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிக்கு நாம் 'ரேஞ்சர்' என்று நம்மூர்ப் பெயரே வைத்திருந்தோம். உயரமான, சிரிக்கவே தெரியாத மனிதர். உன்னிடம் துப்பாக்கி இல்லை என்று தன்னுடைய பழைய ஒன்றை இரவல் கொடுத்தார். இந்தப் பருவத்துப் பன்றி வேட்டைகளில் ஒழுங்காக நின்றால் புது வருஷத்தில் பர்மிட் தருவதாகச் சொன்னார். அதை நீ என்னிடம் சொன்ன அன்று என் அறைக்குப் படிகளை மூன்று மூன்றாகத் தாவி வந்தாய். "உன்னையும் கூட்டிட்டுப் போவேன். நீ சும்மா உக்காந்து படி, எழுது, என்ன வேணா பண்ணு. ஆனா ரூம்ல படுத்துக் கெடக்கக் கூடாது, அதான் கண்டிஷன்" என்றாய்.

டிசம்பரில் அந்த வேட்டை. காட்டுச் சாலையில் முப்பது பேர் வட்டமாக நிற்க, ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிவிட்டு விதிகளைச் சொன்னார். குண்டு மண்ணில் போய்ப் புதையும் திசையில் மட்டும் சுட வேண்டும். குட்டிகளோடு வரும் தாயைத் தொடக்கூடாது. கொம்பு ஊதும்வரை நின்ற இடத்தை விட்டு ஓர் அடி நகரக்கூடாது. நீ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாய், பாடம் ஒப்பிக்கிற முகத்தோடு. பிறகு நீ துப்பாக்கியோடு உன் இடத்துக்குப் போனாய். நான் கம்போடு கலைக்கிற ஆட்களோடு போனேன். அன்றுதான் முதல் முறையாக நாம் வேட்டையில் இரண்டு பக்கமாகப் பிரிந்தோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை.

இளம் மரங்கள் நெருங்கி வளர்ந்த புதர்க்காட்டுக்குள் குனிந்து, தவழ்ந்து, கத்திக்கொண்டே போனோம். எனக்கு முன்னால் எங்கோ கனமாக ஏதோ ஓடியது. பிறகு உன் பக்கத்திலிருந்து ஒற்றை வெடி. சற்று நேரத்தில் முடிவுக் கொம்பு ஊதியது. எல்லாரும் வெளியேறிவிட்டார்கள். என் ஷூ ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டதால் நான் கடைசி. காட்டுக்கு வகிடு எடுத்ததுபோல் நேராகப் போகும் ஒரு பாதையில் வந்து, ஒரு மரக்கட்டைமேல் காலை வைத்து நாடாவைக் கட்டினேன். பனி விழ ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் தரையில் ஒரு பைன் கிளை நிமிர்ந்து நின்றது. சுற்றிலும் கிறிஸ்துமஸ் மரங்களாக இருக்க, நீள இலையோடு அது ஒன்று மட்டும் தனியாக அழகாக இருந்தது.

வேட்டை முடிந்ததும் மிருகம் வீழ்த்தியவனுக்கு ரேஞ்சர் ஒரு கிளையைக் கொடுப்பார், அவன் அதைத் தொப்பியில் செருகிக்கொள்வான். எல்லாரும் அவன் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். எத்தனை சனிக்கிழமை அதை ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு யாரும் தரப் போவதில்லை. நான் குனிந்து அந்தக் கிளையைப் பிடுங்கி என் கம்பளித் தொப்பியில் செருகிக்கொண்டேன். அட்டையில் படித்தது அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு அந்தக் கேள்வி கேள்வியாகத் தெரியும், பதில் பதிலாகத் தெரியும். அது மண்ணில் நின்றால் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. கோமாளி மாதிரி நடந்து வந்தேன்.

சாலையில் நெருப்புப் பக்கம் நீ ரேஞ்சரிடம் பேசிக்கொண்டிருந்தாய். முழுதாக வளராத இளம் பன்றி, குண்டு பட்டிருக்கிறது, ரத்தம் பார்த்தேன், எதிர்ப் புதருக்குள் போய்விட்டது என்கிறாய். உன் முகம் சிவந்து, கண் பளபளத்தது. ரேஞ்சர் கேட்டார், "இடத்துக்கு அடையாளம் வைத்தீர்களா?" நீ பதில் சொல்ல வாய் திறந்தபோது நான் வந்து நின்றேன். என் தொப்பியைப் பார்த்தாய். அந்தக் கிளை, நீ நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பைன் மரத்துக் கிளை. தூரத்திலிருந்தும் தெரியட்டும் என்று அதில் போய் ஒடித்து வந்திருக்கிறாய்.

"எப்படி இருக்கு?" என்று நான் தொப்பியைத் தொட்டுக் காட்டினேன். அந்த இரண்டு சொல்லையும் அந்தச் சிரிப்பையும் நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

"இல்லை. மறந்துவிட்டேன்" என்று நீ ரேஞ்சரிடம் சொன்னாய்.

அவர் உன்னை நீண்ட நேரம் பார்த்தார். நாய்க்காரரைக் கூப்பிடத் திரும்பினார். நீ என் தொப்பியிலிருந்து கிளையை எடுத்து உன் கோட்டுக்குள் போட்டுக்கொண்டாய். "எங்கடா எடுத்த?" என்றாய் தமிழில், உதடு அசையாமல். அப்போதுதான் எனக்கு அந்த அட்டை ஞாபகம் வந்தது. "ஒரு கட்டை பக்கத்துல" என்றேன். அந்தப் பாதை நெடுகக் கட்டைகள்தான். ஒரு விரல் கனத்துக்குப் பனி மூடி, நட்டவனுக்கே இடம் தெரியாமல் எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிட்டிருந்தது.

"நான் சொல்லிடறேன்" என்றேன்.

"வாய மூடு. சூப் குடி, போ."

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சட்டென்று நான் கீழ்ப்படிந்த கட்டளை வேறு கிடையாது. கையில் பட்டாணி சூப்போடு நெருப்பருகே நின்றேன். நீயும் ரேஞ்சரும் நாய்க்காரரும் அந்தப் பாதையில் மேலும் கீழும் நடப்பது தெரிந்தது. நீ ஒவ்வொரு கட்டையாகக் குனிந்து கையால் பனியைத் துடைத்தாய். முப்பது பேரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் போகும்வரை தேடினார்கள். பன்றி கிடைக்கவில்லை. மற்ற பன்றிகளை வரிசையாகக் கிடத்தி ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சிறு கிளையை வைத்தார்கள். முன்பு ஒரு முறை அதைப் பார்த்துவிட்டு "பூசையில நாக்குல நன்மை அப்பம் குடுக்கற மாதிரி இருக்குடா" என்று மெல்லச் சொன்னவன் நீ. அன்று நீ அந்த வரிசைக்கு எதிரில் நின்றாய், தலையைக் குனிந்துகொண்டு. உன்னுடையதுக்கு வாயில் கிளை வைக்க யாருமில்லை.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் விடியும் முன் பஸ் பிடித்து, துப்பாக்கி இல்லாமல், ரேஞ்சரிடம் கேட்டுவிட்டு நீ தனியாகப் போய்த் தேடினாய். நான் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாய். இரண்டாம் நாள் முழங்கால்வரை நனைந்து வந்து, "நரிங்க கண்டுபிடிச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னாய். ஷூவைக் கழற்றவே உனக்குக் கை வரவில்லை, நான்தான் கழற்றினேன். அப்போதாவது மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். ஷூவைக் கணப்புப் பக்கம் வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டேன்.

ஜனவரியில் ரேஞ்சரின் கடிதம் வந்தது. மரியாதையான நான்கு வரி. பர்மிட் இல்லை. நீ அதை மடித்து, கேள்வி அட்டைகளின் மேல் வைத்து, ரப்பர் பேண்ட் போட்டாய். ஏன் எனக்காகப் பொய் சொன்னாய் என்று அன்றைக்குக் கேட்டுவிட்டேன். "அத்தன பேர் முன்னாடி உன்ன ஏதாவது சொல்லியிருந்தா நீ திரும்பப் போய்ப் படுத்துருவடா. அப்பறம் உன்ன யாரு எழுப்பறது?" என்றாய். அதோடு அந்தப் பேச்சை நீ மறுபடி எடுக்கவும் இல்லை, என்னை எடுக்க விடவும் இல்லை.

கோடை வருவதற்குள் நீ கிளம்பிவிட்டாய். கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, அம்மா பெண் பார்த்திருக்கிறார், எல்லாம் உண்மைதான். ஆனால் அதே வேலைக்கு முந்தைய வருஷம் வந்த கடிதத்தை நீ கிழித்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். ரயில் நிலையத்தில் கேட்டேன், இருந்து பார்க்கலாமே என்று. "இங்க எனக்குன்னு என்னடா இருக்கு?" என்றாய். கோபமே இல்லாமல் சொன்னாய். நான் இருந்தேனே என்று சொல்ல வாய் வரை வந்தது. எந்த முகத்தோடு சொல்வது? உனக்கென்று இங்கே வர இருந்த ஒன்றைப் பிடுங்கித் தொப்பியில் செருகிக்கொண்டவன் நான்தானே. அதன் பிறகு வந்த பன்னிரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளும் நானே எனக்குத் தேடிக்கொண்டவை. அதற்கு நான் யாரையும் நொந்துகொள்ள முடியாது.

நான் திரும்பப் போய்ப் படுக்கவில்லை, அதை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். காலையில் எழுந்துவிடுவேன். படிப்பு முடித்தேன், வேலை கிடைத்தது, நல்ல ஜன்னல் உள்ள வீடு கிடைத்தது. ஊரில் இரண்டு முறை பெண் பார்த்தார்கள், இரண்டு முறையும் நான் பதில் எழுதத் தாமதித்ததில் நின்றுபோனது. வேட்டைப் பக்கம் மறுபடி போகவில்லை. ரேஞ்சர் வீடு நாற்பது நிமிஷ பஸ் பயணம். போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முதல் வருஷம் பயமாக இருந்தது. பிறகு இத்தனை நாள் கழித்து எதற்கு என்று தோன்றியது. நீயோ வருஷத்துக்கு இரண்டு கடிதம், பிள்ளைகளின் உயரம், மழை உண்டு இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தாய். காட்டைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

இன்று மத்தியானம் ஆய்வுக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு அந்த பஸ்ஸில் ஏறினேன்.

ரேஞ்சர் ஓய்வு பெற்றுவிட்டார். அதே வீடுதான். சற்றுக் கூன் விழுந்திருக்கிறது, சிரிப்பு மட்டும் இன்னும் வரவில்லை. என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு, "அந்த இன்னொரு இந்தியர்" என்றார். சமையலறை மேசையில் காப்பி வைத்தார். நீ போய்விட்டாய் என்றேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு கிளையைப் பற்றிச் சொன்னேன். பயந்த அளவுக்கு நேரம் பிடிக்கவில்லை. நான்கு வாக்கியம்தான். நாலு வாக்கியத்துக்குப் பன்னிரண்டு வருஷம்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புதிதாக வருகிறவர்களுக்கு நான் அவரைத்தான் உதாரணம் சொல்லுவேன். நல்ல வேட்டைக்காரர், ஒரே ஒரு மறதி, அதனால் ஒரு பன்றி எங்கோ கிடந்து வேதனையில் செத்தது என்று. எனக்கு அன்றே அது பொருந்தவில்லை. மறக்கிற மனிதராக அவர் தெரியவில்லை. ஆனால் அவர் வாயாலேயே சொன்ன பிறகு நான் என்ன செய்ய?" என்றார்.

அன்றே நான் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அவருக்குப் பர்மிட் கொடுத்திருப்பேன். உங்களை மறுபடி கூப்பிட்டிருக்க மாட்டேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். நீ ஒரு காட்டைக் கொடுத்து எனக்கு வாங்கித் தந்தது, ஓர் அழைப்பு. அந்த அழைப்பையும் நான் ஒருநாளும் பயன்படுத்தவில்லை.

அவர் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து கதவைத் திறந்துகொண்டு மழையில் போனார். வேலியோரத்து மரத்தில் ஒரு கிளையை ஒடித்து, தண்ணீரை உதறிவிட்டு வந்தார். பைன்தான். வேண்டுமென்றே செய்தாரா, அந்த மரம்தான் பக்கத்தில் இருந்ததா, தெரியாது. இவர்களில் ஒரு வேட்டைக்காரன் இறந்தால், கூட வேட்டைக்குப் போனவர்கள் குழிக்குள் ஆளுக்கொரு கிளை போடுவார்களாம். கடைசிக் கிளை என்று அதற்குப் பெயர். "குழி மூடியிருக்கும். மேலே வையுங்கள். என் பெயரால்" என்றார். பிறகு, வேட்டைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாழ்த்தை, நான் நிற்கும் பக்கம் பார்க்காமல், உனக்குச் சொன்னார். இனிமேல் யாருக்கும் அந்த உதாரணத்தைச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

உன் மனைவிக்குக் கடிதத்தில் இதை எழுதப் போவதில்லை. பொங்கல் சமயத்தில் லீவு கேட்டிருக்கிறேன், நேரில் வந்து சொல்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். பெரியவன் கேட்கிறானாமே, அவனை எதிரே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். உங்கள் அப்பா மறக்கவில்லை, நான் எடுத்தேன். இன்று ஜெர்மன் மொழியில் அதைச் சொல்லிவிட்டேன். தமிழில் இப்போது இந்த அறையில் தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்க்கிறேன், இன்னும் குரல் சரியாக வரவில்லை. எனக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, பழகிக்கொள்வேன்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் நான் ஒருவன்தான். மழை பனியாக மாறிக்கொண்டிருந்தது. கையில் பிசின் ஒட்டி, விரல்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டன. பஸ்ஸில் எதிரில் இருந்த ஒருவர் கிளையையும் என் கம்பளித் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கோட்டைத் திறந்து, நீ அன்று போட்டுக்கொண்டாயே, அதே மாதிரி உள்பக்கம் வைத்துப் பொத்தான் போட்டேன். அது இப்போது நாற்காலி முதுகில் தொங்கும் அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறது. தொப்பியில் வைக்கவில்லை.